அம்மா இல்லாத படம்

தமிழில் வந்த ஆக மோசமான படங்களைத் தேடித் தேடி, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை கண்ணை எடுக்காமல் பார்த்த ஒரு பெண்மணியை எனக்குத் தெரியும். பொழுது போகாமல் பார்த்தவர் இல்லை. அவருடைய உத்தியோகமே அதுதான் என்று சொல்லிவிடலாம். நாமக்கல் பக்கம் நான் பிசிக்ஸ் டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்தில் பெண்கள் விடுதிக்கு அவர் வார்டன்.

பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். எங்கள் பக்கத்துப் பள்ளிகளைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பதினொன்றாம் வகுப்பில் கொண்டுவந்து விட்டால், பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையை எழுதிவிட்டுத்தான் பிள்ளை வெளியே வரும். விடிவதற்கு முன்னால் எழுப்பிவிடுவார்கள். படிப்பு, டெஸ்ட், திரும்பப் படிப்பு. வாரத்துக்கு ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டோடு ஐந்து நிமிடம் போன். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு ஹாலில் வெள்ளைத்துணி கட்டி ஒரு படம். அவ்வளவுதான் பிள்ளைகளுக்கு உலகம்.

நான் சேர்ந்த மாதம் போட்ட படத்தில் கதாநாயகனுக்கு இரட்டை வேடம். இரண்டு பேருக்கும் ஒரே மீசை, ஒரே சட்டை. இடைவேளைக்கு முன்னால் ஒருவன் செத்தான். எவன் செத்தான் என்று எடுத்தவருக்கும் தெரிந்திருக்காது. இருநூறு பெண்கள் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கொட்டாவி விட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

"ஏங்க வார்டன், மாசத்துக்கு ஒரு படம். அதையாவது நல்லதாப் பாத்துப் போடக்கூடாதா?" என்று கேட்டேன்.

"நல்ல படம் ஆகாதுங்க டீச்சர்" என்றார் அவர், ஏதோ வெண்டைக்காய் வாயு என்று சொல்வது மாதிரி. "நல்ல படம் போட்டா அப்பறம் ஒரு வாரத்துக்குப் புள்ளைங்க புஸ்தகத்தப் பாக்காதுங்க. சொவத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கும்."

பிறகுதான் விவரம் தெரிந்தது. அவருக்கு முன்னால் இருந்த வார்டன் ஒரு நல்ல படம் போட்டிருக்கிறார். அதில் ஒரு அம்மா, வேலைக்குப் போய் வந்த மகனுக்குச் சோற்றைப் போட்டுவிட்டு, அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். அவ்வளவுதான் காட்சி. மறுநாள் காலையில் பதினோரு பெண்களுக்குக் காய்ச்சல். சாப்பிட மாட்டேன் என்று சிலர், வீட்டுக்குப் போகிறேன் என்று சிலர். இரண்டு பேர் டிசி வாங்கிக்கொண்டே போய்விட்டார்கள். அந்த வார்டனும் போய்விட்டார். அப்புறம் தாளாளர் ஒரு விதி போட்டார். படம் உண்டு, ஆனால் மனசில் நிற்கிற எதுவும் அதில் இருக்கக்கூடாது. காதல், காலேஜ், காதில் ஒட்டிக்கொள்கிற பாட்டு எதுவும் ஆகாது. முக்கியமாக அம்மா ஆகவே ஆகாது.

இந்த விதிக்குப் பொருந்துகிற படத்தை எங்கே போய்த் தேடுவது? எங்கள் வார்டன் தேடினார். அவருடைய அண்ணன் சங்ககிரியில் கேபிள் டிவி நடத்தியவர். லோக்கல் சேனலில் போடுவதற்கென்று யாரும் சீண்டாத படங்களாக வாங்கி வைத்திருந்தார். அத்தனையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் வார்டனிடம் வந்து சேர்ந்தன. இரண்டு நாள்கூட ஓடாத படங்கள், நான்கு பேர் பணம் போட்டு நான்கு பேரும் நடித்த படங்கள், பாதியில் கதாநாயகி மாறிவிடுகிற படங்கள்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் அறைக்குப் போனால் லேப்டாப்பில் ஏதாவது ஒரு கண்றாவி ஓடிக்கொண்டிருக்கும். மடியில் முறத்தை வைத்து அவரைக்காய் உரித்துக்கொண்டே பார்ப்பார். பக்கத்தில் நாற்பது பக்க நோட்டு. அதில் அவர் எழுதியதை வாங்கிப் படித்து நான் பல தடவை விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். 'காதல் இருக்கு, ஆனா நம்பற மாதிரி இல்லை. போடலாம்.' 'தங்கச்சி சாகுது, யாருக்கும் கவலை இல்லை. போடலாம்.' 'மழையில அம்மா கொடை புடிக்குது. ஆகாது.' ஒரு படத்துக்கு எதிரே வெறும் 'கடவுளே' என்று மட்டும் எழுதியிருந்தார்.

"ஓட்டி ஓட்டிப் பாத்தா என்னங்க? முழுசா உக்காந்து இந்தக் கொடுமையப் பாக்கணும்னு தலையெழுத்தா?"

"அப்பிடி உட முடியாதுங்க. எவ்வளவு மோசமா எடுத்தாலும் எங்கியாச்சும் ஒரு எடத்துல, தப்பித் தவறி ஒருத்தன் நல்லா எடுத்துப்போடறானுங்க. அங்கதான் மாட்டிக்குவோம்."

அவர் சொன்னது சரிதான். ஒரு தடவை மாட்டினார். பேய்ப் படம் ஒன்று. பேய்க்கு விக் நழுவும், அதைப் பேயே சரிசெய்துகொள்ளும். அப்படிப்பட்ட படத்தின் கடைசியில், சம்பந்தமே இல்லாமல் ஒரு கிழவர் பஸ் ஸ்டாப்பில் நின்று, ஊருக்குப் போகும் மகளிடம் "போய்ட்டு போன் பண்ணு கண்ணு" என்பார். பஸ் போய்விடும். கிழவர் அங்கேயே நிற்பார். அந்த நேரம் பார்த்து அவரைக்காய் உரிக்கக் குனிந்திருக்க வேண்டும், வார்டன் கவனிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஹாலில் அந்தக் காட்சி வந்ததும் இருநூறு பெண்களும் கப்சிப். வார்டன் ஓடிப்போய் பரீட்சை அட்டையை புரொஜெக்டருக்கு முன்னால் பிடித்தார். படம் மறைந்தது, குரல் மறையவில்லை. அந்த வாரம் முழுக்க அவர் ஒவ்வொரு பெண்ணின் நெற்றியாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அலைந்தார்.

"ஏமாத்திப்போட்டானுங்க டீச்சர்" என்று என்னிடம் புலம்பினார். "பேய்ப் படம் எடுக்கறவனுக்கு எதுக்குங்க இந்த வேலை?"

அவருக்கும் ஒரு மகள் இருந்தாள். கோயம்புத்தூரில் ஒரு விடுதியில் தங்கிப் படித்தாள். புருஷன் லாரியில் போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். மகளைப் பற்றிப் பேசவே மாட்டார். ஒரே ஒரு தடவை, டிஸ்கைக் கணினியில் செருகிக்கொண்டே, "அங்க என்ன படம் போடறாங்களோ" என்றார். நான் பதில் சொல்வதற்குள் படத்தை ஓடவிட்டுவிட்டார்.

இவரைத் தியேட்டருக்கு அழைத்துப்போய் நான் பட்ட பாடு தனிக்கதை. எல்லோரும் கொண்டாடிய ஒரு நல்ல படத்துக்கு, லீவு நாளில், சேலத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். இருப்புக் கொள்ளவில்லை அவருக்கு. கதாநாயகி சிரித்தால் "இது ஆகாதுங்க" என்பார். பாட்டு வந்தால் "அய்யோ, இது சுத்தமா ஆகாதுங்க". முன் வரிசைக்காரர் இரண்டு தடவை திரும்பி முறைத்தார். இடைவேளையில் வெளியே போனவர் திரும்பி வரவே இல்லை. படம் முடிந்து போய்ப் பார்த்தால் டூவீலர் ஸ்டாண்டில் என் ஸ்கூட்டி மேல் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. "தலவலிங்க" என்றார். நான் திட்டித் தீர்த்துவிட்டேன். இத்தனை குப்பையைப் பார்க்கிற பொம்பளைக்கு ஒரு நல்ல படம் தாங்கவில்லையே என்று எனக்கு எரிச்சல்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. சொல்லவும் பிடிக்கவில்லை.

என் வகுப்பில் ஆத்தூருக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண் வந்து படித்தாள். கெட்டிக்காரி. டாக்டருக்குப் படிக்கவேண்டும் என்று அவள் அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை. எங்கள் பள்ளி அந்த வருடம் முதல் இடத்துக்கு நம்பியிருந்ததும் அவளைத்தான். பிசிக்ஸில் நூற்றுக்கு நூறு வாங்குவாள் என்று நான் ஸ்டாஃப் ரூமில் சவால் விட்டிருந்தேன். பொதுத்தேர்வுக்கு எட்டு நாள் இருந்தது.

காலை ஏழு மணிக்குத் தாளாளர் போனில் கூப்பிட்டார். அந்தப் பெண்ணின் அம்மா விடியற்காலையில் தவறிவிட்டார். கிட்னி கெட்டு ரொம்ப நாளாக இழுத்துக்கொண்டிருந்த உடம்பு.

"அவங்கப்பாவே சொல்லிட்டாருங்க டீச்சர். பரீட்சை முடியற வரைக்கும் பொண்ணுக்குத் தெரியவேண்டாமாம். அந்தம்மா கடைசியாப் பேசினதே பரீட்சையப் பத்தித்தானாம். நீங்களும் வார்டனும் பாத்துக்குங்க."

நான் போய் வார்டனிடம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தன மணிக்குங்க எடுக்கறாங்க?"

"சாயங்காலம் அஞ்சு மணிக்காம்."

"அப்பன்னா நேரமிருக்குதுங்க. சொல்லிப்போட்டுக் கூட்டிட்டுப் போயிரலாமுங்க. ரெண்டு மணி நேரந்தான் ஆகும்."

"என்ன பேசறீங்க வார்டன்? இப்பச் சொன்னா ரெண்டு வருசப் படிப்பு போச்சு. பெத்த அப்பாவே வேண்டாங்கறாரு."

"அப்பன் சொல்லீட்டா ஆச்சுங்களா? மொகத்தப் பாக்கோணுமல்லங்க."

"பாத்து என்ன ஆகப்போகுது?" என்று நான் கேட்டேன். என் வாயால்தான் கேட்டேன். இன்றைக்கு அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அதற்குள் எனக்கு வேறொன்று உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் போன் முறை. அந்தப் பெண் அம்மாவுக்குப் போன் செய்வாள். யார் எடுப்பார்கள்? எடுத்து என்ன சொல்வார்கள்? ஒப்பாரிச் சத்தம் கேட்காமல் இருக்குமா? யோசனை என்னுடையதுதான். "இன்னிக்கு போன் வேண்டாம். பரீட்சைக்கு முன்னாடி ஒரு ரிலாக்ஸ்னு சொல்லி படம் போட்டுடுங்க. புள்ளைங்க போனையே மறந்துடும்."

வார்டன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் அறைக்குப் போய் டிஸ்கைச் செருகினார். பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்தார். முகம் வீங்கியிருந்தது.

"எல்லாத்துலயும் அம்மா வருதுங்க டீச்சர். எவ்வளவு கேடுகெட்ட படமா இருந்தாலும் ஒரு எடத்துல அம்மான்னு கூப்புட்டுப்போடறானுங்க. ஒண்ணே ஒண்ணுதான் சிக்குச்சு. ஹீரோ அனாதை. ஹீரோயினுக்கும் அப்பன் மட்டுந்தான். நடுவுல ஒரு மொதலை வருது, அவ்வளவுதான்."

ஒரு மணிக்குப் படம் ஆரம்பித்தது. முறை இல்லாத நாளில் படம் என்றதும் பெண்களுக்குக் குஷி, போனை ஒருத்திகூடக் கேட்கவில்லை. அந்தப் பெண் மட்டும் என்னிடம் வந்து, "மிஸ், படம் முடிஞ்சு அம்மாகிட்டப் பேசலாமா மிஸ்? போன வாரம் மூச்சு வாங்குதுன்னாங்க" என்றாள். "பேசலாம், போய் உக்காரு" என்றேன்.

மற்ற படங்களெல்லாம் தூங்கவைக்கிற மோசம். இது வேறு ரகம். கதாநாயகனின் குரல் ஒரு காட்சியில் கட்டையாகவும் அடுத்ததில் கீச்சென்றும் வந்தது, இரண்டு பேர் பேசியிருக்கிறார்கள். வில்லனின் அடியாள் ஒருவன் செத்து விழுந்த பிறகு முதுகைச் சொறிந்துகொண்டு மறுபடி செத்தான். அப்புறம் ஆற்றிலிருந்து முதலை வந்தது. எங்கள் சங்ககிரிப் பட்டறையில் லாரி சீட்டுக்குப் போடுகிற ரெக்சினில் தைத்த முதலை. வயிற்றில் ஜிப் தெரிந்தது. கதாநாயகன் அதைக் கட்டிப் புரளும்போது ஜிப் கழன்று உள்ளேயிருந்து ஒரு லுங்கி எட்டிப் பார்த்தது.

ஹாலே இடிந்துவிடும் போல ஒரு சிரிப்பு. அந்த விடுதியில் நான் அப்படியொரு சிரிப்பைக் கேட்டதில்லை. இரண்டு வருடமாக அடக்கி வைத்ததெல்லாம் ஒரே நேரத்தில் பீறிட்டுக்கொண்டு வந்தது. அதில் ஆகச் சத்தமாகச் சிரித்தது அந்தப் பெண்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்துப் பெண்ணின் தோளில் அடித்தாள். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள்.

நான் வார்டனைப் பார்த்தேன். புரொஜெக்டர் பக்கத்தில் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர் திரையைப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார், அந்தப் பெண்ணைப் பார்ப்பார், மறுபடி கடிகாரம். இரண்டு மணி ஆனதும் நேரே என்னிடம் வந்தார்.

"என்னால முடியலீங்க டீச்சர். அது அழுதாக்கூடத் தாங்கிக்குவனுங்க. சிரிக்கறதப் பாக்க முடியலீங்க."

"இன்னும் எட்டே நாள் வார்டன்..."

"காய்கறி வண்டிய நிறுத்தி வெச்சிருக்கறனுங்க. டிரைவருகிட்டச் சொல்லீட்டேன். நீங்க போயி அதக் கூப்புடுங்க. நாங் கூப்புட்டா அத்தன புள்ளைங்களும் திரும்பிப் பாக்கும். நீங்கன்னா டெஸ்ட் பேப்பருன்னு நெனச்சுக்கும்."

நான் மறுக்கத்தான் நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் பயம் வந்துவிட்டது. மனம் இளகி எழுந்தேன் என்று எழுத ஆசைதான். பயந்துதான் எழுந்தேன். வரிசைக்குள் போய் அவள் தோளைத் தொட்டு, வா என்றேன்.

"மிஸ், அந்த மொதலைக்கு ஜிப் இருக்குது மிஸ்!" என்று சிரித்துக்கொண்டே, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே என் பின்னால் வந்தாள்.

கை கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் வார்டன் நின்றார். அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "சாமி, அம்மா போயிருச்சு கண்ணு. வா, போயிப் பாத்துட்டு வரலாம்" என்றார். சுற்றி வளைக்கவில்லை. நான் நின்ற இடத்திலிருந்து அவள் முதுகுதான் தெரிந்தது. தக்காளிக் கூடை ஏற்றி வந்த வண்டியில் இரண்டு பேரும் ஏறிப் போனார்கள். உள்ளே படம் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்த ஆள் இல்லை. பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நான்கரைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். எடுப்பதற்கு அரை மணி முன்னால். அவள் முகத்தைப் பார்த்தாள். தலைமாட்டில் உட்கார்ந்து அம்மாவின் தலைமுடியைக் கோதிவிட்டாளாம். அப்பாக்காரர் முதலில் கோபமாக வந்தவர், மகளைக் கண்டதும் உடைந்துபோய்விட்டார் என்று காய்கறி டிரைவர்தான் வந்து சொன்னார்.

திங்கட்கிழமை தாளாளர் அறையில் விசாரணை. யார் படம் போட்டது, யார் பெண்ணைக் கூப்பிட்டது, யார் அனுப்பியது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வார்டன் சொல்லிவிட்டார்: "படம் போட்டதும் நாந்தானுங்க, கூட்டீட்டுப் போனதும் நாந்தானுங்க. டீச்சருக்கு இதுல ஒண்ணுமில்லீங்க." என் வேலை போகக்கூடாது என்று நினைத்திருப்பார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிட்டார். வாசலில், "போயிட்டு வாரேனுங்க டீச்சர். அது வந்தா நல்லாப் பாத்துக்குங்க" என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை. நம்பர் என்னிடம் இருக்கிறது. கூப்பிட்டதில்லை.

அந்தப் பெண் ஐந்தாம் நாள் திரும்பி வந்து எல்லாப் பரீட்சையும் எழுதினாள். கடைசிப் பரீட்சையன்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க வந்து கூப்பிடலைன்னா எங்கம்மா மூஞ்சியப் பாத்திருக்கவே மாட்டேன் மிஸ். சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்." அப்புறம் குரல் மாறிப்போனது. "அந்த வார்டன மட்டும் மன்னிக்கவே மாட்டேன். எங்கம்மா செத்துக் கிடக்கறப்ப என்னை உக்கார வெச்சு சிரிக்க வெச்சாங்க மிஸ். தெரிஞ்சே சிரிக்க வெச்சாங்க."

அப்போதே சொல்லியிருக்கவேண்டும். பிள்ளை பரீட்சை எழுதிக் களைத்திருக்கிறாள், இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

இது நடந்து ஏழெட்டு வருடம் இருக்கும். அந்தப் பள்ளியை விட்டுவிட்டேன். இப்போது ராசிபுரத்தில் வீட்டிலிருந்தே டியூஷன் எடுக்கிறேன். எந்தப் படத்தையும் பத்து நிமிடத்துக்கு மேல் என்னால் பார்க்க முடிவதில்லை. நல்லதோ கெட்டதோ, மாற்றி மாற்றித் தள்ளிக்கொண்டே இருக்கிறேன். வீட்டுக்காரர் ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறார்.

போன மாதம் அவள் கல்யாணம். பத்திரிகை வைக்க ராசிபுரத்துக்கே வந்தாள். மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்து, "இவங்கதான் நான் சொல்வேன்ல, அவங்க" என்றாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அம்மா இடத்துல நின்னு நீங்கதான் மிஸ் எல்லாம் செய்யணும். எங்கப்பாவும் சொல்லிட்டாரு" என்றாள்.

ஆத்தூர் மண்டபத்தில் முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. அலங்காரம் செய்துகொண்டு அறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். நான் போய்க் கதவைச் சாத்தினேன். எப்படியோ தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "அந்த வார்டனுக்குப் பத்திரிகை வெச்சியாம்மா?" என்று கேட்டேன்.

அவள் முகம் சுண்டிப்போனது. "அவங்க எதுக்கு மிஸ் இன்னிக்கு?"

சொல்ல நேரம் இருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. மூன்றே வார்த்தை. போடச் சொன்னது நான்.

"சும்மாதான் கேட்டேன்" என்று சொல்லி, அவள் நெற்றிச்சுட்டியை நேராக்கிவிட்டேன். மேளம் கேட்டது. கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் அம்மாவின் போட்டோவுக்கு மாலை போட்டு ஒரு நாற்காலியில் வைத்திருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் என்னை நிற்கச் சொன்னார்கள். நின்றேன்.